அட்ரியாட்டிக் கரையின் மீன் குழம்பு: அசல் என்பது எது?

நெய்தல்வாசி:
இத்தாலியின் அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள அங்கோனா துறைமுகத்தில் ‘புரோதெத்தோ’ என்னும் மீன் குழம்புக்கு 13 வகை மீன் சேர வேண்டும் என்பது மரபு. சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் உணவகங்களோ நான்கைந்து வகை மீனோடு நிறுத்திக்கொண்டு அதே பெயரில் பரிமாறுகின்றன. பழைய செய்முறையை இம்மியும் பிசகாமல் பின்பற்றும் இடத்தில் மட்டுமே பயணி சாப்பிட வேண்டும். மற்றவை போலி என்பதே என் உறுதியான கருத்து.

சட்டிமணம்:
நெய்தல்வாசி அவர்களின் கவலை நியாயமானது, முடிவுதான் பொருந்தவில்லை. அந்தக் கரையில் ஒரே செய்முறை என்று ஒன்று இருந்ததே இல்லை. அங்கோனாவுக்குச் சற்றுத் தெற்கே போர்த்தோ ரெக்கனாத்தியில் தக்காளியே சேர்ப்பதில்லை. காட்டுக் குங்குமப்பூவால் குழம்பு மஞ்சளாக இருக்கும். இன்னும் தெற்கே சான் பெனெதெத்தோவில் பச்சைத் தக்காளியும் குடைமிளகாயும் வினிகரும் சேர்ந்து புளிப்புத் தூக்கலாக நிற்கும். எதிர்க்கரையில், குரோவேசியாவின் தல்மாத்தியாவில், இதே குழம்பைச் சோளமாவுக் களியோடு பரிமாறுகிறார்கள். கரண்டி போட்டால் மீன் உடைந்துவிடும் என்பதால், சட்டியின் இரு காதுகளையும் பிடித்து மெல்ல ஆட்டிவிடுவதோடு சரி. நெரெத்வா ஆற்றின் முகத்துவாரத்திலோ கடல்மீனுக்குப் பதிலாக விலாங்கும் தவளையும் சட்டிக்குள் போகின்றன. இவற்றில் எதைப் போலி என்பீர்கள்? தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதானே! சந்தையில் விலைபோகாத, வலையில் நசுங்கிய, முள் மிகுந்த மீன்களைக் கொண்டு மீனவர்கள் தமக்காக வைத்துக்கொண்ட குழம்பு இது. சட்டிக்குள் எத்தனை வகை போகும் என்பதை அன்றைய வலைதான் தீர்மானித்தது.

பாறைக்கரை:
‘முன்னோர் உண்டார்கள்’ என்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. பேரீச்சம்பழத்தின் வடிவில் ஒரு சிப்பி சுண்ணாம்புப் பாறையைத் துளைத்து உள்ளே வாழ்கிறது. வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். எடுக்க வேண்டுமானால் பாறையையே உடைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைப் பிடிப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. அப்படியிருந்தும், அசல் உணவு என்று அதை இரகசியமாகக் கேட்டு வாங்கும் பயணிகள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சிப்பிதான் வேண்டுமென்றால் குரோவேசியாவின் மாலி ஸ்தோன் விரிகுடாவில் வளர்க்கப்படும் ஆளி என்னும் சிப்பிகளை மனநிறைவோடு சாப்பிடலாம்.

நெய்தல்வாசி:
பாறைச் சிப்பி விஷயத்தில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சட்டிமணம் அவர்களே, ‘வலையில் வந்ததே அசல்’ என்ற உங்கள் வாதத்தை உணவகத்தார் கேடயமாகப் பிடித்துக்கொள்வார்கள். இத்தாலியக் கரையில் கோடைக்காலத்தில் இழுவலைப் படகுகளுக்குச் சில வாரங்கள் தடை இருக்கிறது. பயணிகள் கூட்டம் அலைமோதுவதும் கோடையில்தான். அப்போது தட்டுக்கு வரும் மீன் எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர் எப்படி அறிவார்? செய்முறை என்ற ஒரு வேலியாவது இருக்கட்டும்.

சட்டிமணம்:
உறைந்த மீனை வைத்தும் அந்தச் செய்முறையை அட்சரம் பிசகாமல் சமைத்துவிடலாமே, அந்த வேலி எதைத் தடுக்கும்? தல்மாத்தியாவின் பல கடைகளில் மீனைத் தட்டில் வைத்துப் பச்சையாகவே காட்டுவார்கள், எடைபோட்டுக் கிலோவுக்கு விலை சொல்வார்கள். கண்ணையும் செவுளையும் பார்த்து, எங்கே பிடித்தது என்று கேளுங்கள். இழுவலைகள் ஓய்ந்திருக்கும் நாள்களிலும் சிறு படகுகள் கடலுக்குப் போகின்றன. அவற்றில் வருவதைக் கேட்டு வாங்குங்கள். இத்தாலியின் போ ஆற்றுக் கழிமுகத்திலுள்ள கோரோ என்னும் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் அமெரிக்க அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த நீல நண்டு அங்கே பெருகி, சிப்பிப் பண்ணைகளைச் சூறையாடியது. அந்தச் சிப்பியும் 1980களில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட ஆசிய இனம்தான். வாழ்வாதாரத்தை இழந்து நிற்கும் அவ்வூரார் இன்று அந்த நண்டையே பிடித்துச் சமைக்கிறார்கள் என்றால், அதைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

நெய்தல்வாசி:
நண்டைச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுவேன். அதற்கு அங்கோனா புரோதெத்தோ என்று பெயர் சூட்டி விற்றால் மட்டும் எதிர்த்து எழுதுவேன்.