பஸ் ஸ்டாப்பில் சாமி மேடை: அடுத்து யாரிடம் போவது?

வணக்கம் தோழர்களே. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, எல்லையோரத் தமிழ் ஊர். பஞ்சாயத்து கட்டிய பஸ் நிழற்குடையில் விநாயகர் சதுர்த்திக்குப் பந்தல் போட்டார்கள். விழா முடிந்தும் பிரிக்கவில்லை. இப்போது சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, உண்டியலும் வைத்தாயிற்று. உட்காரும் திண்டில் பாதி போச்சு. பொள்ளாச்சி பஸ்ஸுக்கு வருகிற வயசானவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். டிசம்பரில் அங்கேயே கிறிஸ்துமஸ் குடில் வைக்க இன்னொரு தரப்பும் கேட்கிறது.

நான் கடவுள் மறுப்பாளன். யார் கும்பிடுவதையும் தடுக்க வரவில்லை. பொது இடம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கணும்.

பஞ்சாயத்து செயலாளருக்குத் தமிழில் மனு கொடுத்தேன், மலையாளத்தில் கேட்டார்கள். தமிழிலேயே எழுத கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. இருந்தாலும் மாற்றிக் கொடுத்தேன். பொது இடங்களில் அனுமதியற்ற புது வழிபாட்டுக் கட்டடம் கூடாது என்ற 29.9.2009 உச்ச நீதிமன்ற உத்தரவையும் இணைத்தேன். பதில் இல்லை. அனுமதி எதுவும் கொடுக்கவில்லை என்று ஆர்டிஐ-யில் எழுத்துப்பூர்வமாக வந்திருக்கிறது. போலீஸ், 'கமிட்டியோடு பேசிக்கோங்க' என்கிறது. கமிட்டியோ நாத்திகனோடு பேச்சில்லை என்கிறது.

ஆர்டிஐ பதிலை வைத்து அடுத்த மனுவைக் கலெக்டருக்குக் கொடுப்பதா, திருவனந்தபுரத்தில் உள்ள உள்ளாட்சி ஓம்புட்ஸ்மேனுக்கா (உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிப்பவர்)?