மறுமொழி: லிட்டில் மோர்ட்டன் ஹால் கட்டுரை – 'லிஸ்டட் பில்டிங்' என்பதற்குக் 'காப்புக் கட்டடம்'?

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற பழைய வீட்டைப் பற்றிய நம் தமிழ்க் கட்டுரையில், 'லிஸ்டட் பில்டிங்' (இடிக்கவோ மாற்றவோ கூடாதென்று சட்டம் பட்டியலிட்டுக் காக்கும் கட்டடம்) என்பதற்குக் 'காப்புக் கட்டடம்' என்று எழுதலாமா என்ற கேள்விக்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, தொல்லியல் துறைப் பலகைகளில் பார்த்துப் பார்த்து அந்தச் சொல் எல்லாருக்கும் பழகிவிட்டது, உண்மைதான். ஆனால் இந்தக் கட்டுரையிலேயே அது இடறுகிறது. செஷயரில் காங்கிள்டன் ஊருக்கு அருகே இருக்கும் இந்த மரச்சட்டக வீடு முதல் தர 'லிஸ்டட் பில்டிங்'. அகழியோடு அது நிற்கும் இடம் 'ஷெட்யூல்டு மானுமென்ட்'. ஒரே இடத்தில் இரண்டு சட்டக் காப்புகள். இரண்டையும் 'நினைவுச்சின்னம்' என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.

இரண்டும் பிறந்த கதையே வேறு. 1882இல் வந்த தொல்சின்னங்கள் சட்டத்தின் பின்னிணைப்பாக ஓர் அட்டவணை ('ஷெட்யூல்') இருந்தது; 'ஷெட்யூல்டு மானுமென்ட்' அதிலிருந்து வந்தது. ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற, யாரும் குடியிருக்காத தொல்லிடங்கள்தான் அதில். 'லிஸ்டட் பில்டிங்' இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் பிறந்தது. சேதமான கட்டடங்களில் எவற்றை இடிக்கக் கூடாது என்று அவசர அவசரமாகப் பட்டியல் போட்டார்கள். 1944, 1947 நகரமைப்புச் சட்டங்கள் அதை நிரந்தர ஏற்பாடாக்கின. இன்று இங்கிலாந்தில் மட்டும் 4 லட்சத்துக்கு நெருக்கமான பதிவுகள், அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் இரண்டாம் தரம். பெரும்பாலானவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கடை நடத்துகிறார்கள். அவற்றை நினைவுச்சின்னம் என்பது எப்படிப் பொருந்தும்?

> 'பட்டியலிடப்பட்ட கட்டடம்' நேரடியாக இருக்கிறதே

நேரடிதான். ஆனால் எந்தப் பட்டியல், எதற்கான பட்டியல் என்று சொல்லே சொல்லவில்லை. பங்குச்சந்தைச் செய்திகளில் 'பட்டியலிடப்பட்ட நிறுவனம்' வேறு இருக்கிறது. அப்புறம், உள்ளே சுவரை மாற்றக்கூட உள்ளாட்சியிடம் வாங்க வேண்டிய அனுமதியைப் 'பட்டியலிடப்பட்ட கட்டட மாற்ற இசைவு' என்று எழுதிப் பாருங்கள். வாய் வலிக்கும்.

என் பரிந்துரை: காப்புக் கட்டடம். வனத்துறை பல காலமாகக் 'காப்புக்காடு' என்கிறது. அதைக் கேட்டதும் யாரும் அருங்காட்சியகத்தை நினைப்பதில்லை. காடு உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆனால் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று புரிந்துகொள்கிறோம். நமக்கு வேண்டிய பொருள் அச்சொட்டாக இதுதான். 'ஷெட்யூல்டு மானுமென்ட்' என்பதற்கு 'அட்டவணைத் தொல்லிடம்' போதும்.

இந்த வீட்டிலேயே சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம். 1500களின் தொடக்கத்தில் வில்லியம் மோர்ட்டனுக்காகத் தொடங்கிய வேலை, தலைமுறை தலைமுறையாகச் சுமார் 1610 வரை நடந்தது. முற்றத்துச் சன்னல்களுக்கு மேலே, 1559இல் இவற்றைச் செய்த தச்சன் ரிச்சர்ட் டேல் என்று மரத்திலேயே செதுக்கியிருக்கிறது. வீட்டுக்காரர் பெயரோடு தச்சன் பெயரும் சேர்ந்து நிற்பதைக் கட்டுரையில் அவசியம் சொல்ல வேண்டும். தெற்குப் பகுதியின் உச்சியில் 68 அடி நீள நெடுங்கூடம் இருக்கிறது. மழைநாளில் நடை பழகவும் விளையாடவும் கட்டியது. அதன் சுவர்ப்பலகைக்குப் பின்னால் பழைய டென்னிஸ் பந்துகளே கிடைத்தன. கூரையில் கனத்த மணற்கல் பலகைகள். அந்தப் பாரம் தாங்காமல் கீழ்த்தளங்கள் வளைந்து நெளிந்துவிட்டன. இன்று படத்தில் பார்த்து எல்லாரும் வியக்கும் கோணல் அந்தச் சுமையால் வந்ததுதான்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று குடும்பம் நொடித்தது. வீடு குத்தகை உழவர்கள் கைக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வழிபாட்டறையில் நிலக்கரி கொட்டி வைத்திருந்தார்கள். 1938இல், பழைய இடங்களைப் பேணும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் பொறுப்பேற்றது. 1976இல் ஓர் அறையில், பின்னாளில் அடித்த பலகைகளுக்கு அடியில் விவிலியத்துச் சூசன்னா கதையைச் சொல்லும் சுவரோவியம் வெளிப்பட்டது. சட்டம் ஓவியத்தை மட்டும் காப்பதில்லை, அதை மறைத்திருந்த பலகையையும் சேர்த்தே காக்கிறது. கட்டடம் முழுவதும், உள்ளும் புறமும், பிற்காலச் சேர்க்கைகளோடு காப்புக்குள் வருகிறது. 'நினைவுச்சின்னம்' என்றால் ஏதோ ஒரு காலத்தில் உறைந்துபோன பொருள் என்று தோன்றும். இந்த வீடோ எந்தக் காலத்திலும் உறைந்து நின்றதில்லை.

இதுபோன்ற நிலக்கிழார் வீட்டைக் குறிக்கும் 'மேனர் ஹவுஸ்' பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 'ஜமீன் மாளிகை' வேண்டாம். ஜமீன்தார் அரசுக்கு வரி வசூலித்துக் கட்டியவர். மோர்ட்டன்கள் சொந்த நிலம், தண்ணீர் ஆலைகள், இரும்பு உலை என்று வைத்து வளர்ந்தவர்கள். 'பண்ணை மாளிகை' நெருங்கி வருகிறது. வார விடுமுறைக்குப் போகும் 'பண்ணை வீட்டோடு' குழம்பாமல் இருக்க 'மாளிகை' உதவும்.

சரி, யாருக்கும் மறுப்பில்லை என்றால் கட்டுரையின் முதல் வரியை இப்படி மாற்றிவிடுகிறேன்: "லிட்டில் மோர்ட்டன் ஹால், செஷயரில் உள்ள அகழி சூழ்ந்த பண்ணை மாளிகை, முதல் தரக் காப்புக் கட்டடம், அதன் வளாகம் அட்டவணைத் தொல்லிடம்." முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் இடையில் நட்சத்திரக் குறியோடு வரும் தரத்துக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அமையவில்லை. 'சிறப்பு இரண்டாம் தரம்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.