ஐஎல்ஐ முறையில் எழுதிய கட்டுரையை புளூபுக் முறைக்கு மாற்றுவது எப்படி? அடிக்குறிப்புச் சந்தேகங்கள்

அரூர் வாசகி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வாச்சாத்தி மலைக்கிராமத்தில் அரசுத் துறையினர் நடத்திய வன்கொடுமை பற்றிய தீர்ப்புகளையும் வன உரிமைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு கட்டுரை முடியும் தறுவாயில் இருக்கிறது. அடிக்குறிப்புகள் எல்லாம் டெல்லி இந்தியச் சட்ட நிறுவனத்தின் முறையில், அதாவது நம் பக்கம் ஐஎல்ஐ என்று சொல்கிற முறையில் போட்டவை. அனுப்ப வேண்டிய ஆய்விதழ், அமெரிக்கச் சட்ட மேற்கோள் கையேடான புளூபுக் 21ஆம் பதிப்பு மட்டும்தான் ஏற்கும் என்று சொல்லிவிட்டது.

கமா, அடைப்புக்குறி மாற்றினால் போதுமா, இல்லை அடியிலிருந்து திருத்த வேண்டுமா? தருமபுரி அமர்வு நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பு எந்தத் தீர்ப்புத் திரட்டிலும் கிடைக்கவில்லை, அதை எப்படிக் காட்டுவது? தமிழில் வந்த அரசாணைகளுக்கும் பத்திரிகைச் செய்திகளுக்கும் என்ன வழி? முன்பு காட்டிய மூலத்தையே மறுபடி குறிக்கும் ஐபிட், சூப்ரா இரண்டிலும்தான் குழப்பம் அதிகம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம் வக்கீல்

கமா மாற்றினால் போதாதும்மா. இரண்டு முறைகளும் வாசகருக்குத் தருகிற தகவலே வேறு. கேசவானந்த பாரதி வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழ் எழுத்தில் காட்டுகிறேன், கட்டுரையில் ஆங்கிலத்தில் வரும். ஏஐஆர், எஸ்சிசி இரண்டும் தீர்ப்புத் திரட்டுகளின் பெயர்.

ஐஎல்ஐ: கேசவானந்த பாரதி வி. ஸ்டேட் ஆஃப் கேரளா ஏஐஆர் 1973 எஸ்சி 1461. பெயர் சாய்வெழுத்தில்.

புளூபுக்: கேசவானந்த பாரதி வி. ஸ்டேட் ஆஃப் கேரளா, (1973) 4 எஸ்சிசி 225 (இந்தியா). அடிக்குறிப்பில் முழுமையாகச் சொல்லும்போது பெயர் நேர் எழுத்தில்தான் இருக்கும். பெயருக்குப் பின் கமா, கடைசியில் நாட்டின் பெயர். அதே வழக்கைக் கட்டுரையின் உடலில் சொன்னாலும், பிறகு அடிக்குறிப்பில் சுருக்கமாகச் சொன்னாலும் சாய்வெழுத்து. ஐஎல்ஐயிலிருந்து வருகிறவர்கள் முதலில் தடுக்குவது இங்கேதான். மொத்தத்தையும் சாய்வாகவே விட்டுவிடுவார்கள்.

எஸ்சிசியில் ஆண்டை ஒருநாளும் விடக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் தொகுதி எண் 1 என்று புதிதாகத் தொடங்குகிறது. "4 எஸ்சிசி 225" என்று மட்டும் எழுதினால் எந்த ஆண்டின் நான்காம் தொகுதி என்றே தெரியாது.

புத்தகம் என்றால் ஐஎல்ஐயில் ஆசிரியர், நூற்பெயர், பக்கம், அதன்பின் அடைப்புக்குறிக்குள் பதிப்பகம், ஊர், பதிப்பு, ஆண்டு என்று எல்லாமே வரும். புளூபுக்கில் அடைப்புக்குறிக்குள் பொதுவாகப் பதிப்பும் ஆண்டும் மட்டும்தான், பதிப்பகமும் ஊரும் போய்விடும். ஆசிரியர் பெயர், நூற்பெயர், ஆய்விதழின் பெயர் மூன்றும் சிறு தலைப்பெழுத்தில் (ஸ்மால் கேப்ஸ், அதாவது சிறிய உருவில் பெரிய எழுத்து) வர வேண்டும். வேர்டில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆகிவிடும். ஒன்று கவனியுங்கள்: ஏற்கெனவே முழுக்கப் பெரிய எழுத்தில் தட்டியிருந்தால் ஒரு மாற்றமும் தெரியாது. சொல்லின் முதலெழுத்து பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் இருக்கும்படி தட்டிவிட்டு அழுத்துங்கள். கட்டுரையின் தலைப்புக்கு ஐஎல்ஐயில் மேற்கோள்குறி, புளூபுக்கில் சாய்வெழுத்து.

சட்டங்களில் ஒரு கண்ணி இருக்கிறது, உங்கள் கட்டுரைக்கு நேராகப் பொருந்தும். வன உரிமைச் சட்டத்தின் பெயரில் 2006 என்று இருக்கும். ஆனால் சட்ட எண் 2007இன் 2. புளூபுக்கில் இரண்டையும் காட்ட வேண்டும்: சட்டத்தின் பெயர், 2006, எண் 2, ஆக்ட்ஸ் ஆஃப் பார்லிமென்ட், 2007 (இந்தியா). இரண்டு ஆண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்து "சரிசெய்து" விடாதீர்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் அப்படித்தான், பெயரில் 2006, எண் 2007இன் 6.

இன்னொன்று. வாச்சாத்தி சம்பவம் 1992 ஜூன் 20. தீர்ப்புகள் பேசுவது இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளை. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது என்று பழைய பிரிவு எண்களை அடிக்குறிப்பில் புதிய எண்ணாக மாற்றக்கூடாது. நீதிமன்றம் எந்தப் பிரிவில் தண்டித்ததோ அதுதான் வர வேண்டும். புதிய எண் வாசகருக்கு உதவும் என்று நினைத்தால் தனி வாக்கியமாகச் சேருங்கள்.

கிருஷ்ணகிரி கோர்ட் ரோடு

வக்கீல் சார் சொன்னதோடு, திரட்டில் வராத தீர்ப்பைப் பற்றி.

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள் மேடம்: நீங்கள் படித்தது விசாரணை நீதிமன்றத் தீர்ப்பையா, இல்லை உயர் நீதிமன்றத்தின் 2023 தீர்ப்புக்குள் அதைப் பற்றி எழுதியிருப்பதையா? இரண்டாவதுதான் என்றால் 2011 தீர்ப்பை நேராக மேற்கோள் காட்ட உங்களுக்கு உரிமை இல்லை. 2023 தீர்ப்பின் இன்ன பத்தியில் இப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்றுதான் எழுத வேண்டும். ஆய்விதழ் ஆசிரியர் மூலத்தைக் கேட்டால் கொடுக்க முடிகிற ஆவணத்தைத்தான் அடிக்குறிப்பில் வைக்க வேண்டும்.

2011 தீர்ப்பே வேண்டுமென்றால் தருமபுரி நீதிமன்ற நகல் பிரிவில் நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் வாங்குவதுதான் நம்பகமான வழி. நீதிமன்றங்களின் வழக்குத் தகவல் தளமான இ-கோர்ட்ஸிலும் தேடிப் பாருங்கள், ஆனால் பழைய தீர்ப்புகள் எல்லாம் அங்கே ஏறியிருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். கையில் கிடைத்தபின் அடிக்குறிப்பில் வர வேண்டியவை: தரப்பினர் பெயர், அமர்வு வழக்கு எண்ணும் ஆண்டும், நீதிமன்றத்தின் முழுப் பெயர், தீர்ப்பு நாள் (2011 செப்டம்பர் 29), பத்தி எண், நாடு. தளத்தில் பதிவு இருந்தால் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணையும் சேருங்கள். அமர்வு வழக்கு எண் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்ப வரும். சிஎன்ஆர் நாடு முழுக்க ஒரு வழக்குக்கு ஒன்றுதான்.

உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. நாளும் மாதமும் 2011 தீர்ப்போடு ஒன்றாகவே இருப்பதால் ஆண்டு மாறிப்போகும் ஆபத்து அதிகம், ஒவ்வோர் இடத்திலும் ஆண்டைச் சரிபாருங்கள். பல மேல்முறையீடுகளுக்குச் சேர்த்து ஒரே தீர்ப்பு வந்தால் முதலில் பட்டியலிட்ட எண்ணைப் போட்டால் போதும், எல்லா எண்களையும் அடுக்க வேண்டாம். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டும் அடிக்குறிப்பிலேயே, மேல்முறையீட்டில் அது உறுதி செய்யப்பட்டதையும் காட்டியாக வேண்டும். அதன்பின் உச்ச நீதிமன்றத்தில் என்ன நிலை என்று, உயர் நீதிமன்ற வழக்கு எண்ணை வைத்து உச்ச நீதிமன்றத் தளத்தில் தேடிவிட்டு அனுப்புங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தருமபுரி பஸ் எரிப்பு வழக்கே உதாரணம். சி. முனியப்பன் வி. ஸ்டேட் ஆஃப் தமிழ்நாடு, (2010) 9 எஸ்சிசி 567. புலனாய்வில் குறை இருந்தால் மட்டும் குற்றவாளி தப்பிவிட முடியாது என்பதற்கு இன்றும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு உறுதி செய்த தூக்குத் தண்டனை 2016இல் மறுஆய்வில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. தண்டனையைப் பற்றி எழுதுகிறவர் 2010 தீர்ப்பை மட்டும் காட்டி நிறுத்தினால் வாசகர் கையில் இருப்பது பாதித் தகவல். காற்புள்ளி தப்பினால் ஆசிரியர் குழு திருத்திக்கொள்ளும். இதை அவர்களால் கண்டுபிடிக்கவே முடியாமல் போகலாம்.

கடைசியாக, இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களின் பெயரோ, ஆளை அடையாளம் காட்டும் விவரமோ உங்கள் அடிக்குறிப்பில் வரக்கூடாது. பழைய ஆவணத்திலோ செய்தியிலோ பெயர் இருந்தாலும் சரி. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு. நிபுன் சக்சேனா வழக்கிலும், (2019) 2 எஸ்சிசி 703, உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாட்சி எண்ணை மட்டும் போடுங்கள். செய்தியின் தலைப்பிலேயே பெயர் இருந்தால் அந்தச் செய்தியை விட்டுவிட்டு வேறு மூலம் தேடுங்கள். இணைப்பைச் சொடுக்கினால் பெயர் தெரியும் என்றால் அதுவும் வெளிப்படுத்தியதாகத்தான் ஆகும் என்பது என் கருத்து.

ஊத்தங்கரை நூலகர்

தமிழ் மூலங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

அரசாணைக்கு எண் மட்டும் போதாது. ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் தனி வரிசையில் எண் போடுகிறது. ஆகவே அரசாணை வகை (நிலை, டி என்று எது அச்சாகியிருக்கிறதோ அது), எண், துறையின் அன்றைய பெயர், நாள் நான்கும் வேண்டும். தமிழ் அரசாணையின் தலைப்பில் திருவள்ளுவர் ஆண்டும் தமிழ் மாதத் தேதியும் இருக்கும், ஆங்கிலத் தேதியும் இருக்கும். அடிக்குறிப்புக்கு ஆங்கிலத் தேதி.

மாவட்டப் பெயரில் கவனம் தேவை. தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. வாச்சாத்தி இருக்கும் சித்தேரி மலைப் பகுதியின் 1950களின் வன ஆவணம் சேலம் மாவட்டக் கோப்பாகத்தான் இருக்கும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓசூரும் தருமபுரி மாவட்டம். ஆவணத்தில் உள்ள பெயரை அப்படியே விட்டுவிட்டு, இன்றைய மாவட்டத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் சேருங்கள். மெட்ராஸ் வனச் சட்டம், 1882 என்று பழைய தாளில் இருந்தால் அதுவும் இன்றைய தமிழ்நாடு வனச் சட்டமும் ஒன்றுதான், 1882இன் ஐந்தாம் சட்டம். கட்டுரை முழுக்க ஒரே பெயரில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாசகர் இரண்டு சட்டம் என்று நினைத்துவிடுவார்.

தமிழ்த் தலைப்புகளை புளூபுக் படி ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பு தர வேண்டும். ஒலிபெயர்ப்பு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் முறைப்படி. அந்த முறையில் தருமபுரி என்பது நாம் வழக்கமாக எழுதுகிற 'டிஹெச்' கூட்டில் தொடங்காது, 'டேபிள்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தில்தான் தொடங்கும். நூலின் தலைப்புக்குள் ஊர்ப்பெயர் வந்தால் அப்படி எழுதுங்கள். ஆனால் ஊரைக் குறிக்கும் மற்ற இடங்களில் வழக்கமான அரசு எழுத்துக்கூட்டலே இருக்கட்டும். பத்திரிகையின் பெயரை, அந்தப் பத்திரிகையே ஆங்கிலத்தில் எப்படி அச்சிடுகிறதோ அப்படியே எழுதுவதுதான் நல்லது, இல்லையென்றால் நூலகப் பட்டியலில் யாராலும் தேட முடியாது. வானவில், பாமினி எழுத்துருவில் தட்டிய மேற்கோள் ஏதாவது இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஆசிரியர் குழுவின் கணினியில் வெறும் குப்பை எழுத்தாகத் தெரியும்.

இணைய இணைப்புகள் செத்துப்போகும். அரசுத் தளங்களில் முகவரி மாறுவது சாதாரணம். ஒவ்வொரு பக்கத்தையும் பெர்மா தளத்திலோ வேபேக் மெஷினிலோ சேமித்து அந்த இணைப்பையும் சேருங்கள்.

அரூர் வாசகி

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐபிட், சூப்ரா மட்டும் பாக்கி. தீர்ப்பை இந்தியன் கானூன் என்ற இணையத் தீர்ப்புத் தளத்தில் படித்திருந்தால் பக்க எண்ணுக்கு என்ன செய்வது?

பென்னாகரம் வக்கீல்

புளூபுக்கில் ஐபிட் என்பதே கிடையாது. ஐஎல்ஐயில் அதே மூலம், அதே பக்கம் என்றால் ஐபிட், வேறு பக்கம் என்றால் ஐடி (ஐடெம் என்ற சொல்லின் சுருக்கம்). புளூபுக்கில் இரண்டுக்கும் ஐடிதான், பக்கம் மாறினால் பக்க எண்ணைச் சேர்க்க வேண்டும். ஐடியின் பின்னால் வரும் புள்ளியும் சாய்வாக இருக்க வேண்டும். நேர் முந்தைய அடிக்குறிப்பில் ஒரே ஒரு மூலம் இருந்தால் மட்டுமே ஐடி போடலாம். இரண்டு வழக்கு இருந்தால் எதைச் சொல்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்?

சூப்ரா புத்தகம், கட்டுரை, அறிக்கைக்கு மட்டும். ஐஎல்ஐயில் வெறும் சூப்ரா நோட் 12 என்று எழுதுகிறோம், புளூபுக்கில் முன்னால் ஆசிரியர் பெயர் வரும். வழக்குக்கும் சட்டத்துக்கும் சூப்ரா போடக்கூடாது. வழக்குக்குச் சுருக்கப் பெயர், அதுவும் அதே அடிக்குறிப்பிலோ முந்தைய ஐந்து அடிக்குறிப்புகளுக்குள்ளோ அந்த வழக்கு வந்திருந்தால்தான். அதைத் தாண்டினால் மறுபடி முழு மேற்கோள்.

எண்களைக் கையால் தட்டாதீர்கள். நடுவில் ஒரு அடிக்குறிப்பைச் சேர்த்தால் அதற்குப் பிந்தைய எண்களைக் காட்டும் சூப்ராக்கள் எல்லாம் தப்பாகிவிடும். வேர்டில் ரெஃபரன்சஸ், கிராஸ் ரெஃபரன்ஸ், ஃபுட்நோட் வழியாகச் செருகுங்கள். பிறகு புதுப்பிக்கும்போது கட்டுரையின் உடலில் நின்று கன்ட்ரோல் ஏ, எஃப்9 அழுத்தினால் அடிக்குறிப்புகளுக்குள் இருப்பவை மாறாது. ஏதாவது ஓர் அடிக்குறிப்புக்குள் சொடுக்கிவிட்டு, அங்கே கன்ட்ரோல் ஏ, எஃப்9. ஐடிகளை மட்டும் கடைசி வடிவம் உறுதியான பிறகு மாற்றுங்கள், அதுவரை சுருக்கப் பெயரோடே இருக்கட்டும்.

இந்தியன் கானூன் தேடுவதற்கு நல்லது. பத்தி எண்ணை அங்கிருந்து எடுத்து எஸ்சிசி மேற்கோளோடு ஒட்டிவிடுவதுதான் வினை. பல நீதிபதிகள் தனித்தனியாக எழுதிய தீர்ப்புகளில், மூலத் தீர்ப்பில் ஒவ்வொருவரின் பத்தியும் 1இலிருந்து தொடங்கியிருக்கும், எஸ்சிசி தொடர் எண் கொடுத்திருக்கும். புட்டசாமி வழக்கில், (2017) 10 எஸ்சிசி 1, இப்படி மாறிப்போன பத்தி எண்களை நிறையக் கட்டுரைகளில் பார்க்கலாம். எஸ்சிசி கைக்கு எட்டாவிட்டால் உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தீர்ப்புத் திரட்டான எஸ்சிஆரின் இணைய வடிவம், டிஜிட்டல் எஸ்சிஆர், இலவசம், 2024இல் தொடங்கியது. அதைப் படித்து, அந்த எஸ்சிஆர் மேற்கோளையே கொடுங்கள். எந்தத் திரட்டைப் படித்தீர்களோ அந்தத் திரட்டின் எண்தான்.