வக்கீலுக்கு வக்கீல் ஃபீஸ் பங்கு: விதியைக் காட்டி மறுக்கலாமா?

பாரிமுனை ஜூனியர்:
விபத்தில் கால் போன ஒருவர் என்னிடம் வந்தார். எனக்கு எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனு) பழக்கமில்லை, அதனால் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் அதையே நடத்தும் ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனேன். நஷ்டஈட்டில் 15 சதவீதம் ஃபீஸ், அதில் ஆளுக்குப் பாதி என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பணம் வந்துவிட்டது. இப்போது அந்த வக்கீல் ‘ஃபீஸைப் பங்கு போடுவதே பார் கவுன்சில் விதிக்கு விரோதம், தாள் செல்லாது’ என்கிறார். உண்மையா?

தம்புச்செட்டித் தெரு:
அவர் சொல்லும் காரணம் தவறு. வக்கீல் அல்லாதவரோடு பங்கு போடுவதைத்தான் விதி தடுக்கிறது, இரண்டு வக்கீல்கள் பிரித்துக்கொள்வதை அல்ல. ஆனால் தாள் நிற்காது தம்பி, அந்த 15 சதவீதம்தான் இடிக்கிறது. வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசக்கூடாது என்கிறது விதி 20. பி. சுனிதா வழக்கில் 2017ல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஃபீஸ், ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது, அதுவும் விபத்து நஷ்டஈடுதான். வேரே செல்லாதபோது அதில் பாதியை எப்படிக் கேட்பது?

சைதாப்பேட்டை வக்கீல்:
வக்காலத்தில் உங்கள் பெயர் இருந்ததா? ஆளைக் கூட்டிப் போனது மட்டும் என்றால் கேட்காதீர்கள், அதைக் கமிஷன் என்றுதான் சொல்வார்கள்.

பாரிமுனை ஜூனியர்:
இருந்தது சார். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், ஊனச் சான்றிதழுக்கு மெடிக்கல் போர்டு என்று அலைந்தது நான்தான். அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கி மூன்று வாய்தாவுக்குக் கூட்டிப் போனேன், சாட்சி விசாரணையன்றும் கூடவே நின்றேன்.

தம்புச்செட்டித் தெரு:
அப்படியென்றால் தாளை மறந்துவிட்டு, செய்த வேலைக்கு நியாயமான கூலி என்று கேளுங்கள், அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 70 அதற்குத்தான். டைரி, நகல் மனு ரசீதுகளை எடுத்து வைத்துத் தேதிவாரியாக பில் போட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். வேலை முடிந்து 3 வருடத்துக்குள் கேட்க வேண்டும். கோபத்தில் பார் கவுன்சிலுக்குப் புகார் மட்டும் எழுதாதீர்கள், அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது, வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் வழக்கறிஞர் சட்டம் பிரிவு 35 இருவர் மீதும் பாயும்.

அப்புறம், எனக்கு மனது கேட்காதது ஒன்று. கால் போன மனிதரிடம் 15 சதவீதம் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் பாதிக்கு முன்னால் அவருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று அந்த வக்கீலிடம் பேசுங்கள்.

பாரிமுனை ஜூனியர்:
சரி சார். நாளை முதலில் அந்த வக்கீல் வீட்டுக்குப் போகிறேன்.