"ஐயா கோர்ட்டில் இருக்கிறார்": வக்கீலிடம் வழக்கைக் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

மூன்றாம் பிரதிவாதி:

சொத்து வழக்கு. வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட அன்று வக்கீல் சொன்னது, "ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்க வரவேண்டாம், தேவைப்பட்டா நானே கூப்பிடுறேன்." எதிருரை தாக்கல் ஆனது வரை தெரியும். அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. நானாகப் போன் செய்தால் குமாஸ்தா எடுப்பார். "ஐயா கோர்ட்ல இருக்காங்க." அவ்வளவுதான்.

நிறைவேற்று மனுவின் நோட்டீஸோடு கோர்ட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டியபோதுதான் தீர்ப்பே ஆகிவிட்டது என்று தெரிந்தது. நகல் மனு போட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் பிரதிவாதி அழைக்கப்பட்டார், ஆஜரில்லை, எக்ஸ்பார்ட்டி. அதாவது என் தரப்பு இல்லாமலேயே வழக்கு நடந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு தேதி. வக்கீலுக்குப் போன் செய்கிற நாளையெல்லாம் டைரியில் குறித்துவைப்பது என் பழக்கம். வீட்டுக்கு வந்து புரட்டினேன். அதே தேதி. காலை 11.10, 'ஐயா கோர்ட்டில்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அங்கே என் பெயரைக் கூப்பிட்ட அதே காலையில் நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

போய்க் கேட்டேன். "செட் அசைட் போட்டுக்கலாம் சார், இதெல்லாம் சகஜம்" என்றார். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கிற மனுவைத்தான் சொன்னார். வாதாடித் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். என் பக்கத்தை ஒருவரும் சொல்லாமலேயே முடிந்துவிட்டது, அதுதான் தூங்கவிடவில்லை.

மனுதாரர் நான்தான்:

ஜீவனாம்ச வழக்கு. என் வக்கீல் என் அண்ணனிடம்தான் பேசுவார். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அண்ணனைப் பார்த்து, "தங்கச்சி என்ன சொல்லுது, சமாதானமாப் போயிடுமா?" என்றார். நான் பேச ஆரம்பித்ததும் வேறொரு வழக்குக் கட்டை எடுத்துப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது கோர்ட் வராந்தாவில். ஜூனியர் தாள்களைச் சரசரவென்று புரட்டி, பென்சிலில் குறி போட்ட இடங்களை மட்டும் காட்டினார். நான் 'தானாகவே வீட்டை விட்டு வெளியேறியதாக' அதில் எழுதியிருந்தது குறுக்கு விசாரணையில்தான் எனக்கே தெரிந்தது. என்னை ராத்திரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இதை வக்கீலின் அறையில் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். "இது உங்க கையெழுத்துதானே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். ஆமாம் என்றேன். என் வக்கீல் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு ஜூனியர்:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். மேலே எழுதியவர்கள் மனம் நோகக்கூடாது, ஆனால் கட்சிக்காரர் செய்வதையும் சொல்லவேண்டும். ஒருவர் தன் நிலத்துக்கு ஏற்கெனவே வேறொருவரோடு விற்பனை ஒப்பந்தம் போட்டிருந்ததை எங்களிடம் மறைத்துவிட்டார். எதிர்த்தரப்பு அந்தப் பத்திரத்தை நீதிபதியிடம் நீட்டியபோது சீனியர் என் பக்கம் திரும்பி, "நம்மகிட்ட சொன்னாரா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

ஒரே காலையில் நான்கு கோர்ட்டில் வழக்கு கூப்பிடுகிற நாட்கள் உண்டு. மூன்றாம் பிரதிவாதி ஐயா, ஒரு வருடம் நேரில் போய்ப் பார்க்காதது உங்கள் தவறும்தான்.

மூன்றாம் பிரதிவாதி:

நேரில் நான்கு முறை போனேன் தம்பி. அதை எழுதவில்லை, அவ்வளவுதான். நான்கு முறையும் வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். நான் எதையும் மறைக்கவில்லை. வரவேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். நான்கு கோர்ட்டுக்கு ஓட முடியாது என்றால் ஒரு ஜூனியரை நிற்கவைத்து வாய்தா கேட்கலாமே.

பழைய எழுத்தர்:

என் கதை சின்னது. குமாஸ்தா தேதியைத் தப்பாகச் சொல்லி, விடுமுறை நாளில் பூட்டின கோர்ட் வாசலில் நின்றவன் நான். அதற்கப்புறம் நானே தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வழக்கு ஒவ்வொன்றுக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதியும் வழக்கின் நிலையும் வரும். வழக்கு நம்பர் ஆனதும் முதலில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் பிரதிவாதிக்கு: சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 9, விதி 13. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையை ரத்து செய்யக் கேட்கலாம். உங்களைப் போல ஏற்கெனவே ஆஜரானவர்களுக்குத் தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாள்தான் கெடு. அது தாண்டிவிட்டதால் காலவரையறைச் சட்டம் பிரிவு 5-ன் கீழ் தாமதத்தை மன்னிக்கச் சொல்லியும் மனு போடவேண்டும். அந்த டைரியைத் தொலைத்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. வக்கீல் வராமல் போனதற்குக் கட்சிக்காரர் கஷ்டப்படக்கூடாது என்று 1981-ல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைக் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

வக்கீலை மாற்ற, பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவது வழக்கம். தரமறுத்தால் கோர்ட் அனுமதி கேட்கலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை கிடையாது. 2000-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. புகார் கொடுப்பதானால் மாநில பார் கவுன்சில், வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35. நுகர்வோர் கோர்ட்டுக்கு அலையவேண்டாம். வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பு வந்துவிட்டது.

தங்கைக்கும் ஒன்று. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 1987-ஆம் வருடச் சட்டத்தில் பிரிவு 12.

மனுதாரர் நான்தான்:

நன்றி ஐயா. எனக்கு வக்கீல் கிடைக்காமல் இல்லை. நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதுகிற ஒருவர்தான் கிடைக்கவில்லை. ஜூனியர் தம்பி, அடுத்த முறை வராந்தாவில் ஒரு பெண்ணிடம் கையெழுத்து வாங்கும்போது அவளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

கட்டு வாங்கியவன்:

எழுத்தர் ஐயா கட்டைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு விபத்து இழப்பீட்டு வழக்கு. நடந்ததையெல்லாம் தேதிவாரியாக ஐந்து ராத்திரி உட்கார்ந்து எழுதி, 22 பக்கம், பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி வக்கீல் கையில் கொடுத்தேன். அடுத்த வாரம் கேட்டபோது, "படிச்சேன், எல்லாம் நல்லா பாயின்ட்டா இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன்.

வக்கீலை மாற்றியபோது குமாஸ்தா கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். டேக் நூலை அவிழ்த்தேன். நடுவில் என் கவர். நான் ஒட்டிய பசை டேப் அப்படியே இருந்தது, ஓரம்கூடக் கிளம்பவில்லை.

புது வக்கீலம்மா முன்னால்தான் அதைப் பிரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தி, "அன்னைக்கு மழை பெய்ஞ்சுதா?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எழுந்து வாசல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டேன்.