புது எக்செலில் மாங்காய் மண்டிக் கணக்கு: தேதி எல்லாம் குழம்பிக் கிடக்கிறது, உதவுங்கள்

கேள்வி, காவேரிப்பட்டணத்திலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். மாங்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இதுவரை எக்செல் 2007-ல்தான் வேலை. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் முதலாளி புதுசு வாங்கி, எக்செல் 2021 போட்டுக் கொடுத்திருக்கிறார்.

எடைமேடையிலிருந்து வரவுக் கணக்கை சிஎஸ்வி கோப்பாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து, டபுள் கிளிக் செய்து திறப்பதுதான் வழக்கம். 2025 மே, ஜூன், ஜூலை வரவை அப்படியே திறந்தேன். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. மாசவாரியாகப் பிரிக்க ஃபில்டர் போட்டால் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாசமும் வருகிறது. எந்த மாசத்தைத் திறந்தாலும் 5, 6, 7 தேதிகள் மட்டும்தான். டிசம்பரில் பெங்களூரா ரக மாங்காய் லோடு எங்கிருந்து வரும்? மீதித் தேதிகள் பட்டியலின் அடியில் தனித்தனியாக நிற்கின்றன. பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் என்பதும் 1,250,000 என்று விழுகிறது.

இன்னொன்று, பழைய கணக்குக் கோப்பில் விவசாயிகள் பெயர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாகப் பிதற்றுகிறது. ஆடிட்டர் மாசவாரிக் கணக்கு கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாவற்றையும் திரும்ப டைப் அடிக்க வேண்டுமா?

பதில், தருமபுரியிலிருந்து:

தம்பி, ஒரு வரிகூட டைப் அடிக்க வேண்டாம். முதலில் அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள். எடைமேடையிலிருந்து வந்த அசல் சிஎஸ்வியை ஒரு பென் டிரைவில் பத்திரமாக நகல் எடுத்து வையுங்கள்.

கோளாறு எக்செலில் இல்லை. புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அமெரிக்க முறையில் இருக்கிறது. அவர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். நீங்கள் சொன்ன அந்த 5, 6, 7 தேதிகள் இல்லை, மாதங்கள். மே 12-ல் வந்த லோடு டிசம்பர் 5 ஆகிவிட்டது. ஜூன் 12-ல் வந்தது டிசம்பர் 6, ஜூலை 12-ல் வந்தது டிசம்பர் 7. 12-ஆம் தேதிக்கு மேல் வந்ததை மாற்ற எக்செலுக்கு வழியில்லை, பதின்மூன்றாவது மாதம் கிடையாதே. அவற்றைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. அவைதான் ஃபில்டரில் அடியில் நிற்பவை.

தேதி இருக்கும் நெடுவரிசையைக் கொஞ்சம் அகலமாக்கிப் பாருங்கள். சில கட்டங்களில் 5/6/2025 என்று சாய்கோட்டோடு வலது ஓரமாக இருக்கும், சிலவற்றில் 13-06-2025 என்று சிறுகோட்டோடு இடது ஓரமாக இருக்கும். இடது ஓரம் நிற்பது எழுத்து, வலது ஓரம் போனது மாறிய தேதி. 5/6 என்பதை ஜூன் 5 என்று நாம் படிக்கிறோம், உள்ளே அது மே 6 என்று உட்கார்ந்திருக்கிறது. பார்வைக்குச் சரியாகத் தெரிவதால்தான் இந்தத் தப்பு ஆடிட்டர் மேஜை வரை போய்விடுகிறது.

எக்செலை முழுக்க மூடிவிட்டு கண்ட்ரோல் பேனலில் ரீஜியன் போங்கள். ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றுங்கள். ஷார்ட் டேட் நாள், மாதம், வருஷம் என்ற வரிசையில் இருக்கிறதா என்று பார்த்து ஓகே கொடுங்கள். அப்புறம் அசல் சிஎஸ்வியைப் புதிதாகத் திறங்கள். லட்சத்துக்கான கமாவும் 12,50,000 என்று தானாகவே சரியாகிவிடும்.

பதில், ஓசூரிலிருந்து:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஏற்கெனவே எக்செல் கோப்பாகச் சேமித்து வைத்தது இருந்தால், ரீஜியனை மாற்றியதும் அது திருந்தாது. மே 6 மே 6-ஆகவேதான் இருக்கும், காட்டுவது மட்டும் 06-05-2025 என்று மாறும். அதனால் அசல் சிஎஸ்வியிலிருந்து போவதுதான் நல்லது.

அசல் கிடைக்காவிட்டால் இரண்டு வேலை. எழுத்தாக நிற்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், கடைசிப் படியில் டேட் என்பதைத் தொட்டு டிஎம்ஒய் (நாள், மாதம், வருஷம் வரிசை) கொடுங்கள். மாறிப்போன தேதிகளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் டேட் ஃபார்முலா போட்டு, மாதம் கேட்கும் இடத்தில் நாளையும் நாள் கேட்கும் இடத்தில் மாதத்தையும் கொடுங்கள். ஜூன் 6 போல நாளும் மாதமும் ஒன்றாக இருப்பவை எப்படியும் தப்பிவிடும்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். ரீஜியனை மாற்றித் திறந்ததும் ஃபில்டரில் மே, ஜூன், ஜூலை மட்டும்தான் இருக்கிறது. எடைமேடைச் சீட்டுகளோடு ஜூன் மாச மொத்தத்தை ஒப்பிட்டேன், கிலோ பிசகாமல் நிற்கிறது.

பெயர் விஷயம் மட்டும் பாக்கி. பழைய கோப்பைத் திறந்தால் தலைப்பில் கம்பாட்டிபிளிட்டி மோட் என்றும் வருகிறது. புது எக்செலில் பட்டியலில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்கப் ஃபார்முலா இருப்பதாகச் சொல்கிறார்கள், ரகவாரி விலைக்கு அதைப் போடலாமா?

பதில், தருமபுரியிலிருந்து:

பெயர்கள் யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு புதுக் கம்ப்யூட்டரில் இல்லாததால் இங்கிலீஷ் எழுத்தாகத் தெரிகிறது, தகவல் எதுவும் போகவில்லை. ஒரு கட்டத்தைத் தொட்டு ஹோம் மெனுவில் எழுத்துருப் பெயரைப் பாருங்கள். அதே எழுத்துருவைப் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கிலிருந்து எடுத்துப் போட்டால் உடனே படிக்க வரும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். பெயர் நெடுவரிசையை எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கி ஒட்டுங்கள். அப்போதுதான் போனிலும் ஆடிட்டர் கம்ப்யூட்டரிலும் தமிழாகத் தெரியும், விவசாயி பெயரைத் தேடினாலும் கிடைக்கும். மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். பணம் போகிற பெயர், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு மாறினாலும் ஆள் மாறிவிடுவார்.

கம்பாட்டிபிளிட்டி மோட் வருவது அது 2003 கால எக்ஸ்எல்எஸ் வகை என்பதால். அதில் 65,536 வரிதான் கொள்ளும். ஃபைல் மெனுவில் இன்ஃபோ போய் கன்வர்ட் கொடுத்தால் 10,48,576 வரி வரை போகலாம். நகல் எடுத்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

பதில், ஓசூரிலிருந்து:

எக்ஸ்லுக்கப் போடும் முன்னால் ஆடிட்டரிடம் எந்த எக்செல் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 2016, 2019-ல் அது கிடையாது. கோப்பு திறக்கும், ஆனால் அவர் கணக்கைத் திருத்தினால் அந்தக் கட்டத்தில் நேம் என்று பிழை வரும். அவரிடம் பழையதுதான் என்றால் அதே வேலைக்கான பழைய ஃபார்முலா வீலுக்கப்பிலேயே இருங்கள், அச்சாகப் பொருந்துவதை மட்டும் எடுக்கக் கடைசியில் ஃபால்ஸ் போட மறக்காதீர்கள். ஃபால்ஸ் இல்லாவிட்டால் செந்தூரா ரக விலை நீலம் ரகத்துக்கு ஏறினாலும் எக்செல் வாய் திறக்காது.