தாராவி ஆய்வு: கணக்கெடுப்பா, சோதனையா?

மும்பைத் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். வீட்டில் பெரியவர்கள் கதை வாசித்துக் காட்டுவதால் தாராவித் தமிழ்ப் பிள்ளைகளின் தமிழ் வாசிப்புத் திறன் கூடுகிறதா என்பதை என் முதுகலை ஆய்வுக்காக அறிய முயல்கிறேன். வினாத்தாள் வழியே நூறு வீடுகளை விரைவில் எட்டிவிடலாம். ஆனால், கதை வாசிக்கும் வீடுகளில் பெற்றோரின் படிப்பும் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், உண்மையான காரணம் எது என்று அதில் பிரித்தறிய முடியாது. எண்ணிக்கையைப் பெருக்கினால் மட்டும் குறை தீராது: 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைத் திரட்டியும் அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றே கணித்தது; ஆனால் அவரே வென்றார். சோதனையில் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் கதை வாசித்துக் காட்டச் செய்யலாம் என்றாலும், மற்றதற்குக் கதை நேரத்தை மறுப்பது எனக்கு உறுத்துகிறது. மூன்று மாதம் கழித்து அவர்களுக்கும் அதே வாய்ப்பைத் தந்தால் போதுமா? இத்தகைய களப்பணி செய்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.